மெதுவாகச் சுழலும்போது தெரியும் விசிறி

வன்தட்டின் இடத்தை எஸ்.எஸ்.டி. பிடித்துக்கொண்ட பிறகு, கணினிக் கேபினெட்டுக்குள் அசைந்து தேயும் உறுப்பு என்று பெரும்பாலும் எஞ்சியிருப்பது விசிறிதான். ஆயினும் பாகங்களைச் சேர்த்துப் பூட்டுவோர் மெமரிக்கும் ப்ராசஸருக்கும் தரும் கவனத்தில் சிறு பங்கைக்கூட அதற்குத் தருவதில்லை. மின்சாரம் கொடுத்ததும் சுழன்றால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். 12 வோல்ட்டில் முழு வேகமாக ஓடும் விசிறி தன் குறைகளில் பலவற்றைக் காற்றின் இரைச்சலுக்குள் மறைத்துக்கொள்வதால், அதை மெதுவாகவும், பின்னர் பொருத்தப்படவிருக்கும் கிடையிலும் ஓடவிட்டுப் பார்ப்பதே பயனுள்ள சோதனை.

மின்சாரம் கொடுக்குமுன் விரலுக்கு வேலை உண்டு. நடுக்குமிழை மெல்லத் திருப்பினால், ஒரு சுற்றுக்குள் சில இடங்களில் அது தானாகவே இழுபட்டு நிற்பது தெரியும். குமிழின் உட்புறத்திலுள்ள நிலைக்காந்தம் கம்பிச்சுருளின் இரும்பை ஈர்ப்பதால் வருவது இது, குறையன்று. மணல் அரைபடுவது போன்ற சொரசொரப்போ, ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் கேட்கும் உரசலோ இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். குமிழை அச்சின் திசையில் அழுத்தினால் சற்றே நகர்ந்து காந்த இழுப்பால் திரும்பி வருவதும் இயல்பே. பக்கவாட்டில் ஆடினால் பேரிங், அதாவது அச்சைத் தாங்கிச் சுழலவிடும் பகுதி, தேய்ந்திருக்கிறது. பழைய விசிறியின் தூசியை ப்ளோயரால் ஊதும்போது இறக்கைகளைப் பிடித்துக்கொள்ளாமல், அவை சீறிச் சுழல்வதை வேடிக்கை பார்ப்பவர்கள் உண்டு. வடிவமைக்கப்பட்ட வேகத்தைத் தாண்டிச் சுழலும் அந்தச் சில நொடிகளில் பேரிங் கெட்டுப்போகக்கூடும்.

மின்னிணைப்பில் கம்பியின் நிறத்தை நம்பலாகாது. மூன்று கம்பி விசிறிகளில் கருப்பு, சிவப்பு, மஞ்சள் என்னும் வரிசை பரவலானது. அங்கே சிவப்பு 12 வோல்ட், மஞ்சளோ வேகத்தைத் தெரிவிக்கும் சைகைக் கம்பி. இன்டெல் வகுத்த நான்கு கம்பி முறையில் கருப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று வரும்போது மஞ்சளே 12 வோல்ட்டாகிவிடுகிறது. பச்சை சைகைக்கும் நீலம் வேகக் கட்டுப்பாட்டுக்கும் உரியவை. எல்லாக் கம்பிகளையும் கருப்பாகவே விடும் தயாரிப்பாளர்களும் இருப்பதால், தரை, 12 வோல்ட், சைகை, கட்டுப்பாடு என்று கனெக்டரில் மாறாமல் இருக்கும் வரிசையைப் பார்த்து இணைப்பதே பாதுகாப்பானது. மாற்றி இணைத்தால் விசிறி எதிர்த்திசையில் சுழலாது. மாறாக, அதன் உட்சுற்று எரிந்துபோகலாம்.

மூன்று கம்பி விசிறியின் வேகம் மின்னழுத்தத்தைக் குறைத்தால் குறையும். அழுத்தத்தை மாற்றத்தக்க மின்வழங்கி ஒன்றில் இணைத்து, பூஜ்ஜியத்திலிருந்து சிறிது சிறிதாக ஏற்றிச் சென்றால், நின்றிருக்கும் விசிறி எந்த வோல்ட்டில் புறப்படுகிறது என்பதும், பிறகு இறக்கிக்கொண்டே வந்தால் எந்த வோல்ட்டில் நின்றுபோகிறது என்பதும் தெரியும். நிலை உராய்வையும் காந்த இழுப்பையும் வென்றாக வேண்டியிருப்பதால், புறப்படும் அளவு நிற்கும் அளவைவிட எப்போதும் கூடுதலாகவே இருக்கும். ஒருமுறை புறப்பட்டதை வைத்து முடிவு கட்டாமல், குமிழைச் சற்றுத் திருப்பி வேறொரு நிலையில் நிறுத்தி மறுபடியும் பார்ப்பது நல்லது. எஸ்.எம்.பி.எஸ்.-இன் 12 வோல்ட்டுக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையே விசிறியை மாட்டி 7 வோல்ட் பெறும் பழைய உத்தி, 5 வோல்ட் தடத்தில் வேறு சுமை இல்லாதபோது அத்தடத்தின் அழுத்தத்தையே உயர்த்திவிடக்கூடும் என்பதால், எவ்வளவு பரவலாக இருந்தாலும் தவிர்க்கத்தக்கது.

நான்கு கம்பி விசிறிக்கு இம்முறை பொருந்தாது. அதில் 12 வோல்ட் மாறாமல் இருக்க, நொடிக்கு ஏறத்தாழ 25,000 துடிப்புகளாக நீலக் கம்பியில் செல்லும் சைகைதான், ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு பங்கு நேரம் உயர்ந்திருக்கிறது என்பதைக் கொண்டு, வேகத்தை முடிவு செய்கிறது; பி.டபிள்யூ.எம். என்பது இதுவே. அக்கம்பி எதிலும் இணையாமல் இருந்தால் விசிறி முழு வேகத்தில் ஓடும்படி வகுக்கப்பட்டிருப்பதால், எஸ்.எம்.பி.எஸ்.-இல் நேரே மாட்டிச் சோதிப்பவர் அதன் மெதுவான ஓட்டத்தைக் கேட்பதே இல்லை. மதர்போர்டைக் கேபினெட்டுக்கு வெளியே அட்டைப்பெட்டியின் மேல் வைத்து, ப்ராசஸரின் விசிறியை அதன் இடத்தில் விட்டு, சோதிக்கும் விசிறியை மற்றொரு இணைப்பில் மாட்டி, பயாஸில் சதவீதத்தை இறக்கிக்கொண்டே வருவது எளிய வழி. சில விசிறிகள் பூஜ்ஜிய சதவீதத்தில் நின்றுவிடும், சில தம் குறைந்தபட்ச வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும், இரண்டும் வடிவமைப்புதான்.

மெதுவான ஓட்டத்தில் காதை அருகே கொண்டுசென்று, விசிறியை நிமிர்த்தியும் படுக்கவைத்தும் கவிழ்த்தும் கேட்க வேண்டும். அச்சு எண்ணெய்ப் படலத்தின் மீது ஒரு குழலுக்குள் சுழலும் ஸ்லீவ் வகைப் பேரிங், நிமிர்ந்து நிற்கையில் அமைதியாக இருந்துவிட்டு, கேபினெட்டின் மேற்கூரையில் படுக்கையாகப் பொருத்தியதும் டிக் டிக்கென்று ஒலிக்கக்கூடும். குண்டுகளின் மீது சுழலும் பால் பேரிங் எந்தக் கிடையையும் வெப்பத்தையும் தாங்கும், ஆனால் சற்றுக் கூடுதலாக ஒலிக்கும். திரை காட்டும் ஆர்.பி.எம். எண்ணும் இந்தச் சோதனைக்கு ஈடாகாது. ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு வீதம் வரும் சைகையிலிருந்து அவ்வெண் கணக்கிடப்படுகிறது. நொடிக்கு 40 துடிப்பு என்றால் நிமிடத்துக்கு 1,200 சுற்று. தலைகீழாகப் பொருத்திய விசிறியும் அதே எண்ணைத்தான் காட்டும். காற்று எந்தப் பக்கம் போகிறது என்பதை ஊதுபத்திப் புகை உடனே காட்டிவிடும். வழக்கமான விசிறிகளில் மோட்டாரைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் உள்ள பக்கமே காற்று வெளியேறும் பக்கம்.

ஒரே ஹீட் சிங்க்கில் இரண்டு விசிறிகள் பொருத்தப்படுமானால் இரண்டையும் சேர்த்தே ஓட்டிக் கேட்பது அவசியம். ஏழு இறக்கைகள் கொண்ட ஒன்று 1,000 ஆர்.பி.எம்.-இலும் மற்றொன்று 1,010-இலும் ஓடினால், அவை எழுப்பும் சுருதிகள் நொடிக்கு ஏறத்தாழ 117, 118 அதிர்வுகளாக நெருங்கி நின்று, நொடிக்கு ஒருமுறை வீதம் ஏறி இறங்கும் ரீங்காரமாகக் கேட்கும். தனித்தனியே சோதித்தால் இரண்டும் குறையற்றவையே. வேகங்களை வேண்டுமென்றே விலக்கி வைத்தால் ரீங்காரம் மறைந்துவிடும்.

முழு வேக எண்ணையும் புறப்படும் அளவையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி விசிறியின் சட்டத்தில் ஒட்டிவைப்பவர்கள் மிகச் சிலரே. ஆலை குறிப்பிடும் வேகத்திலேயே பத்து சதவீத ஏற்ற இறக்கம் அனுமதிக்கப்படுவது வழக்கம் என்பதால், பின்னாளில் ஒப்பிடுவதற்கு அந்தக் குறிப்பிட்ட விசிறியின் சொந்த எண்தான் உதவும்; தூசியைத் துடைத்த பிறகும் புறப்படும் அளவு ஏறியே இருந்தால், விசிறி கோடையில் ஒருநாள் நின்றுபோகும்வரை காத்திராமல் அப்போதே மாற்றிவிடலாம்.