படிக்காமல் அழுத்திய என்டர்

செகண்ட் இயரில் ஃபயர்ஃபாக்ஸ் சோர்ஸ் கோடை என் லேப்டாப்பில் பில்ட் பண்ணிப் பார்த்தேன். ஹாஸ்டல் வைஃபையில் டவுன்லோட் முடியவே ஒரு ராத்திரி ஆச்சு. பில்ட் ஓட ஆரம்பித்ததும் 8 ஜிபி ராம் நிரம்பி மவுஸ்கூட நகரவில்லை. ரூம்மேட் கேட்டதற்கு, "சும்மா பார்த்தேன்டா" என்று சொல்லிவிட்டு எல்லாத்தையும் டெலீட் பண்ணினேன். ஓப்பன் சோர்ஸ் நமக்கு வராது என்று முடிவு கட்டி, இரண்டு வருஷம் அந்தப் பக்கமே போகலை.

போன மாதம்தான் டாக்குமென்டேஷனைப் பொறுமையாகப் படித்தேன். செட்டப் ஸ்கிரிப்ட் முதலிலேயே எந்த மாதிரி பில்ட் வேணும்னு கேட்கும். அன்னிக்கு நான் படிக்காமலே முழு பில்டைக் கொடுத்திருக்கேன். அந்த லிஸ்டிலேயே 'ஆர்டிஃபாக்ட் மோட்' இருக்கு. அதில் சி பிளஸ் பிளஸ், ரஸ்ட் பகுதிகள் ஏற்கெனவே கம்பைல் ஆகி வந்து இறங்கிவிடும். நாம் ஜாவாஸ்கிரிப்ட், சிஎஸ்எஸ் மட்டும் மாற்றலாம். முதல் பக் ஃபிக்ஸுக்கு அது தாராளம்.

இந்தத் தடவை லேப்டாப் திணறவே இல்லை. டூல்பார் நிறத்தை மாற்றி ரன் பண்ணினேன். பச்சை டூல்பாரோடு என் ஃபயர்ஃபாக்ஸ் திறந்தது!

நீங்களும் செட்டப்பிலேயே மாட்டிக்கொண்டு நிற்கிறீர்களா? எரரோடு என் ரூமுக்கு வாங்க. "சும்மா பார்த்தேன்"னு மட்டும் சொல்லாதீங்க.