மேசையும் மேசாவும்

மாட்டுத்தாவணிக்கு அண்மையிலுள்ள உயர்நிலை வித்தியாசாலை ஒன்றில் யாம் ஸ்பானிய பாஷையின் அரிச்சுவடி பயின்ற காலத்து, அதனை ஆங்கிலத்தின் வாயிலாகவே எமக்குப் புகட்டினர். மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களினின்று பஸ்ஸேறி வரும் தோழர் சிலர், ஸ்பானியத்துக்கன்று, ஆங்கிலத்துக்கு அஞ்சியே வாய்திறவாதிருந்தனர்.

அப்பாஷைக்குச் செல்ல ஆங்கிலம் சுற்றுவழியென்பதே எம் துணிபு. ‘பேசுகிறேன்’ என்னும் வினைமுற்றில் ‘நான்’ அடங்கியிருத்தல் போலவே ‘ஆப்லோ’ என்பதிலும் அஃது அடங்கும். ஆங்கிலத்திலோ எழுவாயைச் சொல்லியே தீரவேண்டும். ‘தூ’ என்பது நீ, ‘உஸ்தெத்’ நீங்கள். (ஸ்பெயின் தேசத்தார் பெரும்பாலும் பாட்டியையும் ‘தூ’ என்பராம், எமக்கு அது கூச்சமே!) ‘பெரோ’ எனின் ஆனால், ‘பெறோ’ எனின் நாய். ரகர றகர பேதமறியாதான் வாயில் ‘ஆனால்’ குரைக்கும்.

மேசையும் சப்பாத்தும் 1498க்குப் பின் போர்த்துக்கீசியரோடு கப்பலேறி வந்து தமிழாயின. ஸ்பானியத்தில் அவற்றின் தமக்கையர் ‘மேசா’, ‘சபாத்தோ’. மேசை பெண்பாலென்றது மட்டும் எமக்குச் சீரணமாகவில்லை. அஃறிணைப் பொருளுக்குப் பெண்பாலேது?

இவற்றுள் ஒன்றையேனும் தமிழில் எடுத்துரைப்பார் அங்கில்லை. மேலூர்த் தோழருள் ஒருவர் இரண்டாம் பருவத்திலேயே வகுப்பைவிட்டு நீங்கினார். றகரத்தை எம்மெல்லாரினும் செவ்வனே உருட்டியவர் அவரே.