லேபிளும் நாக்கும்

எடின்பரோவிலிருந்து வந்த நண்பர் இரண்டு பாட்டில்கள் கொடுத்துவிட்டுப் போனார். இன்னிஸ் அண்ட் கன் என்று பெயர். ஓக் மரத்தில் ஊறிய ஏல். பீர் வகைதான், ஆனால் கனமானது, 6.6 சதவீதம் ஆல்கஹால் என்று போட்டிருந்தது. பாங்கில் கணக்கை முடித்துவிட்டு சிவகிரிக்குத் திரும்பிய ஒரு மாலை, மாடி அறையில் முதல் பாட்டிலைத் திறந்தேன். குடிப்பதற்கு முன் லேபிளைப் படித்தேன். தொழில்தோஷம். வனிலா, டாபி, ஓக் என்று மூன்று சொற்கள்.

குடித்தேன். வனிலா இருந்தது. டாபி இருந்தது. ஓக்கும் இருந்தது. குறிப்பேட்டில் பத்து வரி எழுதி, திருப்தியுடன் படித்துப் பார்த்தேன். ஓக் மரத்தை நான் இதுவரை பார்த்ததில்லை, முகர்ந்ததுமில்லை என்பது மறுநாள்தான் உறைத்தது.

இரண்டாவது பாட்டில் மாமாவுக்கு. 1987இல் கள்ளுக்கடைகளை மூடும்வரை கள் தவிர வேறெதுவும் தொடாதவர். அவர் முன்னால் குடிக்கும் வழக்கம் எனக்கில்லை. டம்ளரில் ஊற்றிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "ஒண்ணும் தெரியல, ரொம்பக் குளுந்து கெடக்கு" என்று கீழே வைத்துவிட்டார். கால் மணி நேரம் கழித்து மறுபடி எடுத்தார்.

"கருப்பட்டிப் பாகு அடிபிடிச்ச மாதிரி இருக்கு மாப்ள. பின்னாடி பழைய மரப்பெட்டி தொறந்த வாசம். இத எதுல வச்சிருந்தாவ?"

கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள் என்பதை அறிந்தவரின் கேள்வி அது. பாத்திரம் சும்மா இருப்பதில்லை.

மாமாவின் சொற்கள் தமிழ், என்னுடையவை ஆங்கிலம் என்பதல்ல விஷயம். அந்தப் பாட்டிலில் கருப்பட்டியும் இல்லை, டாபியும் இல்லை. இரண்டும் உவமைகளே. அவருடையது நாக்கிலிருந்து வந்தது, என்னுடையது கண்ணிலிருந்து.

லேபிள் பொய் சொல்லவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஓக் பலகையைத் தீயில் வாட்டும்போது மரத்தின் லிக்னின் சிதைந்து வனிலின் உண்டாகிறது. வனிலாக் காய்க்கு மணம் தருவதும் அதுவே. ஆக, வனிலா உண்மை. அதை உணர்ந்ததாக நான் எழுதியதுதான் பொய். சரியான சொல்லைக் கொண்டும் பொய் சொல்ல முடிகிறது.

இந்த ஏல் பிறந்த கதையும் இதையே சொல்கிறது. விஸ்கி வைக்கும் பீப்பாய்களைப் பழக்குவதற்காக வில்லியம் கிராண்ட் நிறுவனம் பீர் காய்ச்சச் சொன்னது. வேலை முடிந்ததும் கொட்டிவிட வேண்டிய பீர். தொழிலாளர்கள் குடித்துப் பார்த்தார்கள், நன்றாயிருந்தது. 2003இல் அது தனிச் சரக்காக விற்பனைக்கு வந்தது. அவர்கள் குடித்தபோது லேபிள் இல்லை.

இதை எழுதக் காரணம் வேறு. போன வருஷம் ஒரு நண்பரின் கவிதைத் தொகுதிக்கு மதிப்புரை எழுதினேன். படிமம், இருண்மை, அந்நியமாதல் எல்லாம் அதில் உண்டு. ஒன்றும் தவறில்லை. ஆனால் அவை முன்னுரையிலிருந்து எடுத்தவை. கவிதைகளில் பாதியைத்தான் படித்திருந்தேன். கடுமையாகவும் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு அவரிடமிருந்து கடிதம் இல்லை. அவர் கோபத்தை மனத்தாங்கல் என்று இதுவரை சொல்லிவந்தேன். அவருக்குத் தெரிந்திருக்கிறது.

தொகுதியை மறுபடி எடுத்திருக்கிறேன், முன்னுரையை விட்டுவிட்டு. மூன்று முறை படித்த பிறகும் முதல் கவிதை பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்பதற்கு என்னிடம் இன்னும் ஒரு சொல் இல்லை. அது வரும்வரை அதைப் பற்றிப் பேச எனக்கு உரிமையில்லை.