பிடித்தவர் கழுவ வேண்டும்

"ஒரு கிலோ மீனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையா?" என்று எங்கள் கல்லூரியின் பொருளியல் பேராசிரியர் என்னிடம் கேட்பதுண்டு. அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது. சிவகங்கைச் சீமையின் கண்மாய்க் கரைகளில் தூண்டில் போட்டு, கிடைத்ததைச் சமைத்து உண்ணும் வழக்கம் எனக்குப் பத்தாண்டுகளாக உண்டு. அதன் வரவு செலவை ஒருமுறை எழுதிப் பார்த்துவிடலாம் என்று தோன்றுகிறது.

மூங்கில் கம்பு, நைலான் நரம்பு, முள், தக்கை ஆகியவற்றுக்குப் பெரிதாகப் பணம் ஆவதில்லை. மண்புழு வாய்க்கால் ஓரத்தில் கிடைக்கிறது. பெட்ரோலும் நேரமும்தான் செலவு. விடியலில் அமர்ந்து பத்து மணிக்கு எழுந்தால், நல்ல நாளில் ஐந்தாறு ஜிலேபிகளும் சில கெண்டைகளும் தேறும். வெறுங்கையோடு திரும்பிய நாட்களே மிகுதி. கெளுத்தியின் முள் குத்திவிட்டால் மாலைவரை கை கடுக்கும்.

அனுமதியும் ஒரு செலவே. கண்மாய் ஊருக்குப் பொதுவாயினும், மீன்பாசி ஏலம் எடுத்தவருக்கே மீன்மீது உரிமை. அவர் வாங்கி விட்ட கட்லாவோ ரோகுவோ மாட்டினால் நீரிலேயே விட்டுவிட வேண்டும் என்பது எங்களுக்குள் உள்ள வாய்மொழி ஒப்பந்தம். ஜிலேபியை எவ்வளவும் எடுத்துக்கொள்ளலாம். ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட திலாப்பியா 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. மக்கள் நாவில் இனிப்புப் பண்டத்தின் பெயரைப் பெற்று, இன்று நாட்டு மீன்களை நெருக்கிக்கொண்டு வாழ்கிறது. அதைப் பிடித்து உண்பதில் எனக்கு யாதொரு தயக்கமும் இல்லை.

விராலின் செய்தி வேறு. அகநானூற்றின் 36ஆம் பாடலில் மதுரை நக்கீரர் ஒரு வராலைக் காட்டுகிறார். தூண்டில் இரையை விழுங்கிய அம்மீன், ஆம்பல் இலை கிழிய, குவளை மலர்கள் சிதைய எழுந்து பாய்ந்து, கயிற்றுக்கு அடங்காத காளையைப் போலக் குளத்தைக் கலக்குகிறது. இப்பாடலைப் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தியவன் நான். காளை உவமையின் பொருத்தம் முதல் விரால் என் நரம்பை இழுத்த அன்றுதான் உள்ளங்கையில் விளங்கியது. தூண்டில்காரனை வேட்டுவன் என்றே பாடல் குறிக்கிறது. பொழுதுபோக்கு என்று நான் சொல்லிக்கொண்டிருந்ததற்குப் புலவர் இட்ட பெயர் வேட்டை.

வேட்டைக்கு வரம்பு உண்டென்று காட்டியவர் கரையில் எனக்கு அறிமுகமான முதியவர் ஒருவர். மழைக்குப் பிந்திய நாட்களில் நீர்ப்பரப்பில் செம்மஞ்சள் நிறத் திட்டு ஒன்று நகர்வதைக் காணலாம். அது விரால் குஞ்சுகளின் கூட்டம். அடியில் தாயும் தந்தையும் காவல் நிற்கும். அப்போது அருகில் எது வந்தாலும் அவை பாய்ந்து கவ்வும், பசியால் அன்று. பிடிப்பதற்கு அதைவிட எளிய தருணம் இல்லை. பிடித்துவிட்டால் குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகும். பெரியவர் அத்திட்டைக் கண்டதும் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறு மடைக்குப் போய்விடுவார்.

இனி, கணக்கில் வராத செலவு ஒன்று. என் இளமையில் மீன் பிடித்த பெருமை ஆண்களுக்கு உரியது. சாம்பல் தேய்த்து, கல்லில் உரசி, குடல் நீக்கிக் கழுவுவது பெண்களுக்கு உரியது. அப்பா நண்பகலில் கொண்டுவந்து கொட்டிய மீனோடு அம்மா கிணற்றடியில் வெகுநேரம் குந்தியிருப்பாள். "இன்னைக்குக் கொழம்பு சும்மா கெடைச்சது" என்பார் அப்பா. என் மனைவி முதல் வாரமே சொல்லிவிட்டாள்: "நீங்க புடிச்சா நீங்கதான் கழுவணும்."

அதனால் கொல்வதும் கழுவுவதும் என் வேலையாயின. விரால் காற்றைச் சுவாசிக்கும் மீன். கரையேறிய பின்னும் நெடுநேரம் உயிரோடிருக்கும். வீடுவரை துடிக்க விடாமல் கரையிலேயே ஓர் அடியில் முடித்துவிடுவேன். சில வேளை வயிற்றைக் கீறும்போது சினை சரிந்து கையில் விழும். அந்தக் கையால் பரிமாறிய குழம்பில் ஒரு துண்டையும் மிச்சம் வைக்க மனம் வருவதில்லை. சந்தையில் வாங்கிய காலத்தில் வாரம் மூன்று நாள் மீன் உண்டோம். இப்போது ஒரு நாள்தான். அது குறைவு என்று வீட்டில் யாரும் சொன்னதில்லை.

நான் கழுவிய மீனை அம்மா ஒருநாள் புரட்டிப் பார்த்தாள். செதிள் ஒட்டியிருந்த துண்டொன்றைத் தனியே எடுத்துவைத்துவிட்டு, "ஒங்கப்பா ஒருநாளும் இந்தக் கல்லுப் பக்கம் வந்ததில்ல" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

கோடையில் நீர் வற்றும்போது இப்பகுதியின் பல ஊர்களில் மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊத்தாவும் வலையுமாக ஊரே கண்மாய்க்குள் இறங்கும். கிடைத்த மீனை விற்பதில்லை, வீட்டில் சமைத்து உண்பதே வழக்கம். தெருவெங்கும் ஒரே குழம்பு மணம் கமழும். பொருளியல் நண்பரை ஒருமுறை அழைத்துப்போக எண்ணியிருக்கிறேன். மீனுக்கு விலையே இல்லாத அந்த மாலையில், கிணற்றடிகளில் குந்தியிருப்பவர்கள் யார் என்பதையும் அவர் பார்த்துக் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.