விண்ணப்பமும் பைத்துல்மாலும்

கனடா நாட்டில் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர் இன்று நம் ஊர்களில் அநேகர். அங்கே போன மகனுக்கு வேலை கிடைத்தது, வீடு வாங்கினான் என்னும் செய்திகள் ஊருக்கு வந்து சேர்கின்றன. ஆனால் போய் இறங்கிய முதல் ஆண்டில் அவனுக்குப் பேருந்து வழி சொன்னவர் யார், அவன் மனைவிக்கு மருத்துவமனைத் தாள்களைப் படித்து விளக்கியவர் யார் என்பன பேச்சில் வருவதில்லை. அந்தப் பணிக்கென்றே அந்நாட்டு அரசாங்கம் நிதி ஒதுக்குகிறது என்பதும், அந்நிதியைத் தொண்டுச் சங்கங்கள் விண்ணப்பம் போட்டுப் பெறுகின்றன என்பதும் நம்மவருள் பலர் அறியாதவை. டொராண்டோ நகரின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் உள்ள ஒரு சிறு தமிழ் முஸ்லிம் சங்கத்திற்காகச் சில ஆண்டுகளாக அத்தகைய விண்ணப்பங்களை எழுதி வருகிறேன். அந்த எழுத்து வேலை எனக்குள் எழுப்பிய சில கேள்விகளை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே என் நோக்கம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். இந்தப் பணம் வந்திறங்கியவரின் கையில் கொடுக்கப்படுவதன்று. 1974ஆம் ஆண்டில் கனடிய மத்திய அரசு, புதுக்குடியேறிகளுக்கு வழிகாட்டும் நிறுவனங்களுக்குப் பணம் வழங்கும் திட்டமொன்றை ஏற்படுத்தியது. 1992இல் மொழி வகுப்புகளுக்கென்று தனித் திட்டம் வந்தது. 2008இல் பிரிந்து கிடந்தவையெல்லாம் குடியமர்வுத் திட்டம் என்னும் ஒரே குடையின்கீழ்க் கொண்டுவரப்பட்டன. கியூபெக் மாகாணம் மட்டும் 1991ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி மத்திய அரசிடம் தொகையை வாங்கித் தன்னிடம் வருவோரைத் தானே கவனித்துக்கொள்கிறது. மற்ற இடங்களுக்குச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை பொது அழைப்பு வெளியாகும். 2019இல் ஒன்று வந்தது. 2024இல் மற்றொன்று வந்தது. அழைப்பு வந்த நாளிலிருந்து கெடு முடியும் வரை விண்ணப்பம் எழுதுகிறவன் வீட்டில் மனைவி மக்களுக்கு அவன் இருந்தும் இல்லாதவன்தான்.

விண்ணப்பிப்பதா வேண்டாமா என்பதிலேயே எங்கள் சங்கத்தில் மூன்று கூட்டங்கள் கழிந்தன. மூத்தவர் ஒருவர் எழுந்து, "அவங்க பணத்தை வாங்கினா நம்ம கணக்கை அவங்ககிட்டக் காட்டணும். இன்னைக்குக் கணக்கைக் கேட்பாங்க, நாளைக்குக் குத்பாவைக் கேட்பாங்க" என்றார். இளைஞர் ஒருவர், "காக்கா, அது நாம கட்டுற வரிப் பணந்தானே!" என்று பதில் சொன்னார். இருவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. அரசுப் பணத்தில் வழிபாடோ மார்க்கப் போதனையோ நடத்தலாகாது. எல்லா மதத்தாருக்கும் கதவு திறந்திருக்க வேண்டும். அவ்விதியைக் கேட்டு முகம் சுளித்தவர்கள் எங்களிடையே இருந்தார்கள். என்னைக் கேட்டால் அவ்விதி நமக்குக் கிடைத்த பாதுகாப்பு என்பேன். பள்ளிவாசல் பணம் வேறு, வகுப்பறைப் பணம் வேறு என்று இரு பைகள் தனித்தனியாக இருக்கும் வரை குத்பாவை எவரும் கேட்க மாட்டார்.

அந்தக் கூட்டத்தில் நான் எட்மண்டன் நகரத்து அல் ரஷீத் பள்ளிவாசலைப் பற்றிச் சொன்னேன். 1938இல் எழுந்த அதுவே கனடாவின் முதல் பள்ளிவாசல். லெபனான் பக்கமிருந்து வந்து குடியேறிய சில குடும்பங்கள், பொருளாதார நெருக்கடி மிகுந்த காலத்தில் அதைக் கட்டின. ஹில்வி ஹம்தான் என்னும் மாதரசியும் அவருடைய தோழியரும் நகரத் தலைவரிடம் இடம் கேட்டுச் சென்றார்கள். கடைத்தெருவில் கடை கடையாக ஏறிப் பணம் திரட்டினார்கள். கொடுத்தவர்களில் கிறிஸ்தவரும் யூதரும் உண்டு. குர்ஆனை ஆங்கிலத்தில் பெயர்த்த அப்துல்லாஹ் யூசுப் அலீ அவர்கள் அதன் திறப்பு விழாவில் கலந்துகொண்டார்கள். கேட்பது இழிவென்று அந்தப் பெண்கள் எண்ணியிருந்தால் அப்பள்ளி எழுந்திராது. தமக்காகக் கேட்பது வேறு, பிறருக்காகக் கேட்பது வேறு. மூத்தவர் மறுத்துப் பேசவில்லை. சம்மதம் என்றும் சொல்லவில்லை.

இனி விண்ணப்பத்தைப் பார்ப்போம். நாம் இயல்பாக எழுதக்கூடியது, "எங்கள் மக்கள் கஷ்டப்படுகிறார்கள், உதவி செய்யுங்கள்" என்னும் மனு. அதற்கு அங்கே இடமில்லை. உங்கள் பகுதியில் இன்ன தேவை இருக்கிறது என்பதற்கு என்ன சான்று? அதே வேலையைச் செய்யும் மற்றவர் யார்? நீங்கள் செய்யப்போவது என்ன, எத்தனை பேருக்கு, எவ்வளவு செலவில்? அதன் பயனாக அவர்கள் வாழ்வில் என்ன மாற்றம் நேரும்? அம்மாற்றத்தை எதைக் கொண்டு அளப்பீர்கள்? இவையே கேள்விகள். கண்ணீரை எழுதத் தெரிந்தவருக்கு இவை கல்லாகத் தோன்றும். ஆனால் ஒவ்வொன்றும் நியாயமான கேள்வி என்பதை நான் மெல்ல மெல்ல ஒப்புக்கொண்டேன். ஊரில் எத்தனையோ வசூல்கள் நடக்கின்றன. முடிவில் எவர் வாழ்வில் என்ன மாறிற்று என்று எவரேனும் கேட்டதுண்டா?

"மாற்றம்" என்னும் கட்டத்தை நிரப்ப உட்கார்ந்தபோது என் நினைவுக்கு வந்தது மதீனா மாநகரம். மக்காவிலிருந்து வெறுங்கையோடு வந்த முஹாஜிர்களையும் மதீனத்து அன்ஸாரிகளையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சகோதரர்களாகப் பிணைத்தார்கள். அன்ஸாரியான ஸஅது இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃபு (ரலி) அவர்களுக்குக் கொடுக்க முன்வந்தார்கள். அவர்களோ பரக்கத்துக்காக துஆச் செய்துவிட்டு, கடைத்தெருவுக்கு வழி காட்டினால் போதும் என்றார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கிய வியாபாரம் அவர்களைச் செல்வந்தர் ஆக்கியது. குடியமர்வு என்னும் சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் காணவில்லை. பாதிச் செல்வத்தை நீட்டும் மனமும் வேண்டும், கடைத்தெருவுக்கு வழி காட்டவும் வேண்டும். அரசாங்கத்தின் பணம் இரண்டாவது வேலைக்கு உரியது. முதலாவதை எந்த அரசாங்கமும் செய்ய இயலாது. அது அன்ஸாரிகளின் வேலை.

செலவுப் பட்டியலில் நிர்வாகச் செலவு என்றொரு வரி உண்டு. அதைக் கண்டு எங்கள் பொருளாளர் கூசினார். தொண்டுக்குக் கூலியா என்றார். ஜகாத் பெறத்தக்க எட்டு வகையினரில் அதை வசூலித்துப் பங்கிடும் ஊழியர்களும் உண்டே என்று எடுத்துக்காட்டிய பிறகுதான் பேனாவை எடுத்தார்.

அந்த வரியைவிட எனக்கு வியப்பளித்தது குழந்தை காப்பகம். தாய்மார் வகுப்பில் இருக்கும் நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வைப்பதற்கும், வகுப்புக்கு வந்துபோகும் பேருந்துக் கட்டணத்துக்கும் நிதி கேட்கலாம். ஊர் மதரஸாக்களிலும் மாதர் வகுப்புகளிலும் பெண்கள் ஏன் வருவதில்லை என்று நாம் ஆண்டுக்கணக்கில் அங்கலாய்த்திருக்கிறோம். பிள்ளையை யார் வைத்துக்கொள்வது என்று ஒரு நாளாவது கேட்டோமா?

முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. சங்கம் இளையது, தணிக்கை செய்த கணக்குகள் போதிய ஆண்டுகளுக்கு இல்லை, பெருந்தொகையைக் கையாண்ட அனுபவமும் இல்லை. இப்பணம் பெரும்பாலும் செலவழித்த பிறகு ரசீது காட்டித் திரும்பப் பெறுவது. கையில் முதல் இல்லாத சிறு சங்கம் அரசின் பணம் வரும் வரை மாதச் சம்பளத்தை எங்கிருந்து கொடுக்கும்? ஆகவே பெரியதொரு நிறுவனத்தோடு பங்காளியாகச் சேர்ந்தோம். ஒப்பந்தம் அவர்கள் பெயரில். இடமும் மக்களும் தமிழ் பேசும் ஊழியரும் எங்கள் பக்கம். சிறு சங்கங்களுக்கு நான் சொல்லக்கூடிய வழி இதுவே. தனிக்கொடி பிடிக்க ஆசைப்பட்டு வீணான சங்கங்கள் சிலவற்றைக் கண்டிருக்கிறேன்.

வகுப்பு தொடங்கியது. அப்போதுதான் விண்ணப்பத்தில் எழுதிய எண்களுக்குப் பின்னால் மனிதர்கள் வந்து நின்றார்கள்.

அறுபதை நெருங்கிய ஒரு லாத்தா, மகனின் பொறுப்பில் நிரந்தர வதிவுரிமையோடு வந்தவர், முதல் நாளே முன்வரிசையில் அமர்ந்தார். மன்னாரில் பிறந்தவர். 1990 அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, கையில் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு புத்தளத்துக்குப் போனவர்களுள் ஒருவர். வகுப்புக்கு வருகிறவர் ஒவ்வொருவருக்கும் குடிவரவுத் துறை வழங்கிய அடையாள எண்ணைப் பதிவு செய்து மேலே அனுப்ப வேண்டும் என்பது நிபந்தனை. அவர் எண்ணைத் தர மறுத்துவிட்டார். "தம்பி, புத்தளத்துல நான் பேர் குடுக்காத பட்டியல் இல்ல. அரிசிக்கு ஒரு பட்டியல், வீட்டுக்கு ஒரு பட்டியல், ஊருக்குத் திரும்பிப் போறதுக்கு ஒரு பட்டியல். இனி ஒரு பட்டியல்லயும் என் பேர் வேணாம். படிக்கத்தான் வந்தேன்" என்றார். எண் பாதுகாப்பாக இருக்கும், சட்டம் இருக்கிறது என்றெல்லாம் எடுத்துச் சொன்னோம். அமைதியாகக் கேட்டுவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அதே வாரத்தில் ஓர் இளைஞர் வந்தார். அவர் பெயர் கொடுக்கத் துடித்தவர். ஆனால் அவருடைய அகதிக் கோரிக்கை விசாரணைக்குக் காத்திருந்தது. மத்திய அரசின் திட்டம் நிரந்தர வதிவுரிமை பெற்றவருக்கும், அகதியென்று ஏற்கப்பட்டவருக்கும் உரியது. கோரிக்கை நிலுவையில் உள்ளவர், படிக்க வந்த மாணவர் ஆகியோருக்குப் பொதுவாக இடமில்லை. குடியுரிமை பெற்றுவிட்டாலும் தகுதி போய்விடும். முப்பது ஆண்டு அடுப்படியில் கழித்து ஆங்கிலம் அறியாமலே குடியுரிமை பெற்ற விதவையும் வெளியேதான். மாகாண அரசின் செலவில் நடக்கும் வகுப்புகளில் கோரிக்கையாளர் சேரலாம். ஆனால் இவர் பகலெல்லாம் கிடங்கொன்றில் பெட்டி தூக்குகிறவர். அவருக்கு வாய்க்கும் நேரத்தில் வகுப்பு கிடைக்கவில்லை.

எண்ணப்பட விரும்பாதவர் ஒருவர். எண்ணப்படத் தகுதியில்லாதவர் ஒருவர். என்ன செய்வது? பெயரைச் சேர்க்காமல் இருவரையும் பின்வரிசையில் உட்கார வைத்துவிடலாம், யார் பார்க்கப் போகிறார்கள் என்றார் ஒரு நண்பர். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். நான் ஒப்பவில்லை. இன்னாருக்கு என்று கையெழுத்திட்டு வாங்கிய பணம் அமானிதம். நல்ல காரியத்துக்காக அமானிதத்தை வளைத்தால், அடுத்த முறை அவ்வளவு நல்லதல்லாத காரியத்துக்கும் வளையும். அதைவிட மோசமான தந்திரமும் உண்டு. எண்ணிக்கை குறையும் என்று பயந்து, வராதவர் பெயரை வந்ததாக எழுதுவது. அதைச் செய்துவிட்டு வெள்ளிக்கிழமை முதல் ஸஃப்பில் நிற்பவர் யாராக இருந்தாலும் அவரிடம் சங்கத்துச் சாவியைக் கொடுக்கலாகாது.

முடிவில் சங்கத்தின் சொந்தப் பையைத் திறந்தோம். பைத்துல்மால் என்று நாங்கள் பெயரிட்டிருந்தாலும் ரமலானில் நிரம்பி ஷவ்வாலில் காலியாகும் ஒரு சிறு கணக்கு அது. அதிலிருந்து வாடகை கொடுத்து, சனிக்கிழமை மாலையில் வேறோர் இடத்தில் இன்னொரு வகுப்பு தொடங்கினோம். ஆசிரியர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, கூலி வாங்காதவர். அங்கே வருகைப் பதிவேடு இல்லை, எண் இல்லை. தருமத்தை வெளிப்படையாகச் செய்வதும் நன்று, மறைவாகச் செய்வது அதனினும் நன்று என்று நம் மார்க்கம் சொல்வது இரண்டு கணக்குப் புத்தகங்களாக என் மேசைமேல் இருக்கிறது. பச்சை அட்டை போட்டது அரசுக்குக் காட்டுவது; அதில் பேருந்துச் சீட்டு முதற்கொண்டு ஒட்டப்பட்டிருக்கும். மற்றதில் தொகை மட்டுமே உண்டு, பெயர் கிடையாது.

லாத்தா சனிக்கிழமை வகுப்புக்கு வந்தார். கிடங்கு இளைஞரும் வந்தார். எண் கேட்கும் வகுப்பில் இடமிருந்தும் சனிக்கிழமைக்கே வர விரும்பியவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களைத் திருப்பி அனுப்பினோம். அரசு செய்ய முன்வந்ததற்கு ஸதக்காப் பணத்தைச் செலவழிப்பதும் ஒரு வகை ஊதாரித்தனம் என்பது என் எண்ணம். இதில் என்னோடு வாதிடுகிறவர்கள் உண்டு.

2024 அக்டோபரில் கனடிய அரசு, 2025ஆம் ஆண்டில் ஏற்பதாக இருந்த 5,00,000 நிரந்தரக் குடியேறிகளை 3,95,000 ஆகக் குறைத்து அறிவித்தது. வருவோர் குறைந்தால் அவர்களுக்கான நிதியும் சுருங்கும் என்பது எதிர்பார்த்ததே. 2025 ஏப்ரலில் எங்கள் பங்காளி நிறுவனத்தின் புதிய ஒப்பந்தம் வந்தபோது எங்கள் பங்குக்கு இரண்டு நாள் குழந்தை காப்பகத்தில் ஒரு நாள் போயிருந்தது. ஏற்கெனவே வந்து வகுப்பில் அமர்ந்திருக்கும் தாய்மாரின் எண்ணிக்கை குறையவில்லையே! கூட்டம் கூட்டினோம். முன்பு குத்பாவைப் பற்றி அஞ்சிய அதே மூத்தவர், அந்த ஒரு நாளுக்கான சம்பளத்தை ஓராண்டுக்குத் தாம் தருவதாகவும் தம் பெயரை எங்கும் எழுதக் கூடாதென்றும் சொன்னார். அவர் விரும்பியபடி அது பெயரில்லாத புத்தகத்தில் ஏறியிருக்கிறது. அடுத்த ஆண்டுக்கு என்ன செய்வதென்று இன்னும் முடிவாகவில்லை.