பாதிப் போத்தல் நீர்

பாலைவனம் என்றதும் மணற்பரப்பே நம் நினைவில் எழும். அரிசோனாவிலுள்ள பீனிக்ஸ் மாநகரின் தென்பாலோ, கல்லும் முள்ளும் செறிந்த ‘சவுத் மவுண்டன்’ மலைத்தொடரே பாலைவனமாய் நிற்கின்றது. 1924இல் மத்திய அரசிடம் 17,000 டொலருக்கு வாங்கிய நிலம், விரிந்து, இன்று 16,000 ஏக்கருக்கு மேற்பட்ட நகரப் பூங்காவாய் விளங்குகின்றது.

விடியலில், அங்கு வாழும் நம் பழைய மாணவருடன், தடித்த ரயர் பூட்டிய துவிச்சக்கரவண்டியில் ஏறினோம். பாதையோரம் சகுவாரோக் கள்ளிகள் மழைநீரை உடலிற் சேமித்துத் தூண்களென நின்றன. வெயிலேறப் பாறைகள் சுட்டன. உச்சி அண்மையில் தெரிந்தது. போத்தல் நீரோ பாதியாயிற்று.

“ஐயா, மீள்வதற்கு மறுபாதி வேண்டும்” என்று மாணவர் வண்டியைத் திருப்பினார். கீழே 16 இலட்சம் மக்களின் நகரம். நாம் நின்ற இடத்திலோ ஒரு மிடறு நீரில்லை. ஆசிரியராகிய நாம் அன்று மாணவராய்ப் பின்தொடர்ந்தோம்.