மயில் கழுத்து நிறத்தில் 60 போல்ட்

கூரியரில் வந்த டப்பாவைத் திறந்ததும் அப்பாதான் முதலில் வாய் திறந்தார். "இதென்ன அம்மிணி, பட்டுச்சேலை கலர்ல இருக்குது?"

கோவை கணபதியில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருப்பவர் அவர். மகள் இன்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்காக, நண்பர்களோடு சேர்ந்து ரேஸ் கார் கட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் காருக்கு எடைதான் எதிரி. 8 மி.மீ. தடிமன், 40 மி.மீ. நீள ஸ்டீல் போல்ட் ஒன்று சுமார் 20 கிராம். டைட்டானியத்தில் அதுவே 11 கிராம்தான். 60 போல்ட் மாற்றினால் அரைக் கிலோவுக்கு மேல் மிச்சம்.

கேட்ட இடத்திலெல்லாம் ஒரு போல்ட் 350 ரூபாய் சொன்னார்கள். ஆன்லைனில் ஒருவர் 120-க்குத் தந்தார். டீமில் ஆளுக்குக் கொஞ்சம் போட்ட 7,200 ரூபாயை அவள்தான் அனுப்பினாள். (டைட்டானியத்தின் தாது நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே கிடக்கிறது. அது போல்ட்டாகி வரும்போதுதான் இந்த விலை!)

"சர்ட்டிஃபிகேட் எங்கே சாமி?"

"அனுப்பறேன்னாங்கப்பா."

காந்தத்தில் ஒட்டவில்லை. தராசு 11 கிராம் காட்டியது. டைட்டானியம்தான், சந்தேகமில்லை. ஆனால், எந்த டைட்டானியம்? ரேஸுக்கு வேண்டியது அலுமினியமும் வனேடியமும் கலந்த கிரேடு 5. கலப்பில்லாத கிரேடு 2-வும் ஏறக்குறைய அதே எடைதான். அந்த மயில் கழுத்து நிறமும் மின்சாரம் பாய்ச்சி வரவழைப்பது, இரண்டுக்குமே ஏறும்.

மறுநாள் காலேஜ் லேபில், ஒரு போல்ட்டின் தலையைத் தட்டையாக ராவி ராக்வெல் மெஷினில் வைத்தாள். கிரேடு 5 என்றால் சி ஸ்கேலில் 36-ஐ ஒட்டி வர வேண்டும். 20-ஐக்கூடத் தொடவில்லை. பி ஸ்கேலுக்கு மாற்றினாள். 80. இன்னும் நான்கு போல்ட் எடுத்துப் பார்த்தாள். அதே கதைதான்.

பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷனில் போடும் போல்ட் 8.8 தரத்துக்குக் குறையக் கூடாது என்பது போட்டி விதி. கிரேடு 2-க்கு உறுதி சொல்லப்படும் பலம் அதில் பாதிகூட வராது. பார்க்க அப்படியே இருக்கும். டிரைவர் பிரேக்கை அழுத்தும்போதுதான் தெரியும்.

டீமிடம் சொல்லத்தான் அவளுக்கு இரண்டு நாள் ஆனது. ஒருவன் மட்டும், "யாருக்குத் தெரியப்போகுது, பார்க்க நல்லாத்தானே இருக்கு" என்றான். "அப்ப நீயே ஓட்டு" என்றாள். அதற்கப்புறம் அவன் பேசவில்லை.

விற்றவர் போனை எடுக்கவில்லை. பழைய கறுப்பு ஸ்டீல் போல்ட்டுகளே காரில் இருக்கட்டும் என்று முடிவானது. பட்டறைக்கு வந்த காரைச் சுற்றிவந்த அப்பா, நட்டுக்கு வெளியே விரல் நுழைய நீட்டிக்கொண்டிருந்த போல்ட் முனைகளைத் தடவிப் பார்த்தார்.

"வெளிய எத்தனை மரை இருந்தா போதும்?"

"ரெண்டுப்பா."

"அப்புறம் எதுக்கு இவ்வளவு நீட்டு?"

ராத்திரி பதினோரு மணி வரை இருவரும் வெட்டினார்கள். ஒன்றில் 3 கிராம் வீதம், தட்டில் 180 கிராம் துண்டு சேர்ந்தது.

நீல போல்ட் டப்பா இன்னும் பட்டறை அலமாரியில்தான் இருக்கிறது. மேலே மார்க்கர் பேனாவில் அவள் எழுதியிருக்கிறாள்: 'காருக்கு இல்லை.'